ரெண்டு சீட்டு காருக்குள் ஒரு குடம்

போன வருஷம் வைகாசி முடிகிற நேரம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில், என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஒரு பழைய சான் ஸ்டார்ம் காரை ஓட்டிக்கொண்டு கடையத்துக்கு வந்து சேர்ந்தான். இந்தியாவில் தயாரான சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதில் இது ஒன்று. பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனம் 1990களின் கடைசியில் கொண்டுவந்தது. பிரெஞ்சு வடிவமைப்பு, ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், கண்ணாடியிழை உடல், கழற்றக்கூடிய கூரை, இரண்டே இரண்டு சீட்டு. தெருவில் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

பையன் வந்ததே என்னிடம் ஒரு காரியமாகத்தான். "மாமா, இதுல நல்ல பேஸ் வேணும். ஆனா பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. எங்க வைக்கது?"

நான் சிறு வயதில் மைக் செட் கடையில் ஒயர் சுற்றியவன். அதன்பிறகு முப்பது வருஷமாகக் கார் செட்டுகளைப் பிரித்துப் பூட்டுகிறேன். அம்பாசடரில், மாருதியில், வேனில், டிராக்டரில்கூட செட் மாட்டியிருக்கிறேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்கூட இல்லாத வண்டியில் சப்வூஃபரை ஒளித்துவைக்கக் கேட்டது இவன்தான் முதல் ஆள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கணக்குப் போட்டும் கழற்றிப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சின்னக் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது உதவும், ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும் என்றில்லை.

கடைகளில் அடிக்கடி சொல்லும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். "சின்ன வண்டியில பேஸ் நிக்காது அண்ணாச்சி, அலை நீளம் பத்தாது" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த நரம்பு சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஒலி நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்கு 350 மீட்டரை ஒட்டி ஓடுகிறது. வகுத்துப் பார்த்தால் அந்த ஸ்வரத்தின் ஓர் அலை எட்டரை மீட்டர். இந்த மாதிரிச் சின்னக் காரின் உள்ளறையோ இரண்டு மீட்டர்கூட வராது. எட்டரை மீட்டர் அலை அதற்குள் எப்படி அடங்கும்?

இதற்கு விடை எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் நூறு தடவை என் கண்முன்னால் இருந்திருக்கிறது. சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது குடக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடம் புரிமணையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வீசுகோல் நரம்பில் விழும்போது மணிகள்தான் முதலில் காதில் விழும். குடக்காரர் குடம் தட்டும் பத்தியை எடுத்து அதன் வாயில் ஓர் அடி கொடுத்தால், அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் தரையில் உட்கார்ந்திருப்பவரின் தொடைக்கு வந்துவிடும். குடத்தின் உயரம் ஒன்றரை அடி இருந்தால் அதிகம். அதிலிருந்து வரும் ஒலியின் அலை நீளமோ குடத்தைப்போலப் பல மடங்கு. அலை முழுசாகக் குடத்துக்குள் படுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். வாயருகே இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கின் மேல் குதிக்கும் எடை. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கணக்காக எழுதிவைத்தார். இன்று ஓட்டை வைத்த சப்வூஃபர் பெட்டி எல்லாமே இந்தக் குடம்தான்.

கார் இதற்கு அடுத்த வகை. கதவும் கண்ணாடியும் மூடிய காரை வாய் அடைத்த குடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அறையின் மிக நீளமான பக்கம் அலையின் பாதியைவிடக் குறைந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்களுக்கு அலை போய்வருவது என்ற பேச்சே கிடையாது. வூஃபரின் கூம்பு முன்னால் வந்தால் அறைக்குள் அழுத்தம் ஏறும், பின்னால் போனால் இறங்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடிப்பதுபோல. இரண்டரை மீட்டர் உள்ளறை கொண்ட காரில் இது 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கும். ஒன்றரை மீட்டர் மட்டுமே உள்ள இரண்டு சீட்டு வண்டியில் 115 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். அங்கிருந்து கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு எட்டு ஸ்வரத்துக்கும் 12 டெசிபல் வரை கார் தானாகவே கூட்டிக் கொடுக்கும். இதை இந்தத் தொழிலில் கேபின் கெய்ன் என்பார்கள். சின்ன வண்டிக்கு இது பெரிய வண்டியைவிட முன்னாலேயே கிடைக்கிறது. கடைக்காரர் குறையாகச் சொன்ன அந்தச் சிறுமைதான் நமக்குக் கையில் இருக்கும் முதல்.

ஒரு கணக்கைக் காட்டினால்தான் இதன் அளவு விளங்கும். எட்டு அங்குல வூஃபரின் கூம்புப் பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர். அது எட்டு மில்லிமீட்டர் முன்னால் வந்தால் தள்ளும் காற்று 172 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர் அளவு. இரண்டு சீட்டு காரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 1,500 லிட்டர். சுவர் அசையாது, இடுக்கே இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு டம்ளர் காற்று உள்ளே 115 டெசிபல் அழுத்தத்தைக் கொடுக்கும். அதே வூஃபரை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இதே கணக்கில் வைத்தால் 88தான் வரும். உண்மையான காரில் ரப்பர் பீடிங் வழியாகவும், ஏசி ஓட்டை வழியாகவும், தகடு வளைவதிலும் நிறையப் போய்விடும், 115 நிற்காது. ஆனாலும் எட்டு அங்குலம் போதாது என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். டிக்கி நிறையப் பன்னிரண்டு அங்குலம் இரண்டு போட்டு ஊரைக் கூட்டுகிறவர்கள், காது கேட்கும் தேவைக்கு மேல் பத்து மடங்கு சுமக்கிறார்கள் என்பதே என் முடிவான கருத்து.

கூரையைக் கழற்றிவிட்டால் கதை வேறு. குடம் உடைந்த மாதிரி. திறந்த வெளியில் அதே 172 மில்லி 40 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபலை ஒட்டித்தான் தரும். மூடிய காருக்கும் திறந்த காருக்கும் கணக்குப்படி 18 டெசிபல் வித்தியாசம். இன்னும் ஆழமாக 20 ஹெர்ட்ஸுக்குப் போனால் மேலும் 12 குறையும். அதோடு காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் கீழ் ஸ்வரங்களிலேயே அதிகம் இருப்பதால், மிஞ்சியதையும் அவை மூடிவிடும். மருமகனிடம் முதல் நாளே இதைச் சொன்னேன். கூரை போட்ட நிலைக்கு ஒரு செட்டிங், கழற்றிய நிலைக்கு ஒரு செட்டிங் என்று இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும். ஒன்றே இரண்டுக்கும் உதவாது.

ஒளித்துவைக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு, நம் பக்கம் கார் செட் என்றாலே பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், ஆறுக்கு ஒன்பது அங்குலம். அந்த ஸ்பீக்கரின் முகம் பின்னால் வருகிற பஸ்காரருக்குத் தெரிய வேண்டும், அதில்தான் பெருமை. பெருமை தெரிந்தவர்களில் திருடனும் உண்டு. கடையநல்லூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஒரே ராத்திரியில் மூன்று வண்டிகளின் கண்ணாடி உடைந்ததை நானே பார்த்திருக்கிறேன். முகப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் செட்டுகள் அதற்காகவே வந்தன. பிறகு பேஸ் ட்யூப் வந்தது, சிலிண்டர் மாதிரி டிக்கியில் உருளும். அதற்கப்புறம்தான் ஒளிப்பது என்ற எண்ணம். இன்று அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. பழைய வண்டியைப் பழையபடியே வைத்திருக்க விரும்புகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். என் மருமகன் அந்த ரகம்.

அந்தக் காலத்து விளம்பரங்களில் வந்த "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்ற எழுத்தையும் மறக்கக் கூடாது. ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு போகும் என்ற கற்பனை எண் அது. ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருப்பதே தொடர்ந்து தரும் உண்மையான வாட்ஸ். ரிச்சி தெருவில் வாங்கினாலும் தென்காசியில் வாங்கினாலும், பெட்டியைத் திருப்பி அந்த மூன்றெழுத்தைத் தேடுங்கள். அது எழுதியில்லாத ஆம்பை நான் என் மேஜைமேல் ஏற்றுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சப்வூஃபர் இல்லாமல்தானே இத்தனை வருஷம் கேட்டோம்? 1997இல் மினி பஸ் திட்டம் வந்தபிறகு எங்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் பாட்டுப் போடும் பஸ் போக ஆரம்பித்தது. நாலு அங்குல ஸ்பீக்கர்தான். அதில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனாலும் இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸ் கிட்டாரின் ஓட்டத்தை, ஜன்னலோரம் உட்கார்ந்து வாயால் பாடிக்கொண்டே வந்தவர்கள் நாங்கள். இதைக் காது செய்கிறது. 82, 123, 164 என்று மேல் ஸ்வரங்கள் வந்துவிட்டால், அவற்றுக்கு அடியில் 41 இருக்க வேண்டும் என்று மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அடிப்படை ஸ்வரம் காணாமல் போனாலும் கேட்டதாகவே நமக்குத் தோன்றும். அப்போது மெட்டு தெரியும், எடை தெரியாது. 1992இல் 'ரோஜா' வந்தபோது அதன் பேஸையும் கீழ் சிந்தசைசரையும் முதன்முதலாக நல்ல செட்டில் கேட்டேன். பழைய ராஜா பாட்டுகளையும் அதே செட்டில் போட்டுப் பார்த்து, நான் தவறவிட்டது எவ்வளவு என்று அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டேன். ஒளித்துவைக்கிற சப்வூஃபருக்கு என்னைக் கேட்டால் இதுதான் வேலை: ஏற்கெனவே பாட்டில் இருக்கிற எடையைத் திருப்பிக் கொடுப்பது.

மெல்லக் கேட்கும்போது இது இன்னும் முக்கியம். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் அளந்து காட்டியபடி, கீழ் ஸ்வரங்களுக்கு நம் காது மந்தம். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் கேட்கும் அதே சத்தமாக 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் 80 டெசிபலுக்கு மேல் தேவை. செட்டின் சத்தத்தைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். பேஸ் வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுகிறவர்கள் காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தனியாக ஒரு சப் இருந்தால் மற்றதைக் குறைத்துவைத்துக்கொண்டே பாட்டை முழுசாகக் கேட்கலாம்.

இனி பெட்டி. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வாய் முழுக்க அடைத்த சிறு பெட்டியில் ஆழமான பேஸ் வரவைத்துக் காட்டினார். அதுவரை பேஸ் என்றால் பீரோ அளவுப் பெட்டி. கூம்பைத் திருப்பி இழுக்கும் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கே கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அதே வட்டாரத்தில் வேலை செய்த ஆண்டன் ஹாஃப்மன் அதற்கு ஒரு எல்லையும் சொன்னார். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் – மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், பிறகு 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் இதை அளக்கக்கூடிய எண்களாக மாற்றினார்கள். வூஃபர் அட்டைப்பெட்டியில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று இருக்கும் எழுத்துகள் அவர்கள் கொடுத்தவை. இதைப் பார்க்காமல் ஆசாரியிடம் "நல்லா கெட்டியா ஒரு பொட்டி" என்று சொல்லி அடிப்பது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவது போல. சின்னக் காரில் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது மூன்றாவதை: கொஞ்சம் கூடுதல் மின்சாரம் செலவழிக்கலாம். ஆழத்தைக் கார் கேபின் கெய்னாகக் கொடுத்துவிடும். அதனால் சிறிய காருக்கு வாய் அடைத்த பெட்டியே ஏற்றது. ஓட்டைப் பெட்டியின் ஏற்றமும் கேபின் கெய்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால், எல்லாப் பாட்டும் ஒரே 'கும்'மென்று கேட்கும்.

எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. அலை நாலு மீட்டருக்கு மேல், நம் இரு காதுகளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. ஒளித்துவைக்க முடிவதே இந்தக் காரணத்தால்தான். ஆனால் திசை தெரியாது என்பதற்காக எங்கு வேண்டுமானாலும் வைக்க முடியாது.

ஹேட்ச்பேக் வண்டிக்காரர்கள் ஸ்டெப்னி டயர்க் குழிக்குள் வட்டமான சப்பை வைக்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனங்களே அப்படி வடிவமைத்துத் தருகின்றன. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலும் கார் வரலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. ஆனாலும் ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டுவிட்டு சப் வைப்பதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. தோரணமலைக்கோ ராமநதி அணைப் பக்கமோ ராத்திரி போய்ப் பஞ்சர் ஆனால், இரண்டு பக்கமும் வயல்தான், கடை கிடையாது.

சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்பைத்தான் இப்போது அதிகம் பேர் கேட்கிறார்கள். ஆம்பும் வூஃபரும் ஒரே தட்டையான அலுமினியப் பெட்டியில் இருக்கும். பிஎம்டபிள்யூ தன் பல வண்டிகளில் முன் சீட்டுகளுக்கு அடியிலேயே பேஸ் ஸ்பீக்கரை வைத்துத் தருகிறது. பெரும்பாலான ஊர்களுக்கு இது நல்ல தீர்வு. குற்றாலத்துக்குப் பக்கத்து ஊருக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சீசனில் என் கடைக்கு வரும் சீட்டடி சப்புகளில் பாதிக்கு ஒரே நோய். ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ குளித்துவிட்டு, துவட்டியும் துவட்டாமலும் ஈர வேட்டியோடு ஏறி உட்காருவார்கள். தண்ணீர் சீட்டு நுரைக்குள் இறங்கி, இருபது கிலோமீட்டர் வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக நேரே அந்த அலுமினியப் பெட்டியின் மேல் விழும். ஒன்றைத் திறந்தபோது சர்க்யூட் போர்டில் பச்சை பூத்து, அதில் அருவிக்கரை எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

கதவுக்குள் பேஸ் வைப்பவர்களுக்கும் சாரல்தான் எதிரி. கதவின் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதற்காகத்தான் கீழே ஓட்டை விட்டிருக்கிறார்கள். காகிதக் கூம்பு போட்டால் இரண்டு சீசன் தாங்காது.

இரண்டு சீட்டு வண்டிக்காரர்கள் உலகம் முழுக்க இதே தலைவலியோடு இருந்திருக்கிறார்கள். 1989இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது தலைசாய்ப்பிலேயே ஸ்பீக்கர் வைத்த செட் கொடுத்தார்கள். கூரை இல்லாமல் ஓட்டும்போது சத்தத்தைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் அருமையான யோசனை. பேஸுக்கு அது உதவவில்லை. அந்த வண்டிக்காரர்கள் கடைசியில் கண்டுபிடித்த இடம், பக்கத்து சீட்டில் இருப்பவர் கால் நீட்டும் சரிவுப்பலகை. சீட்டுக்குப் பின்னால், டிக்கியில், சீட்டுக்கு அடியில் என்று சான் ஸ்டார்மில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து நாங்களும் அங்கேதான் வந்து நின்றோம்.

அங்கே அடங்கும் பெட்டி 48 சென்டிமீட்டர் அகலம், 34 உயரம், 11 ஆழம். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் அடித்தால் உள்ளே மிஞ்சுவது பத்து லிட்டர். 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் அடித்தால் 12.4 லிட்டர். சின்னப் பெட்டியில் பலகையின் கனம் விழுங்குகிற இடம் இவ்வளவு. எட்டு அங்குல தட்டை வூஃபருக்கு அந்தக் கூடுதல் இரண்டு லிட்டர் பெரிய விஷயம். எம்டிஎஃப் எங்கள் சாரலில் ஓரம் உப்பிவிடும் என்பதும் சேர்ந்து மரைன் பிளைவுட்டையே முடிவு செய்தோம். உள்ளே குறுக்கே ஒரு கட்டை, மெல்லிய பலகை நடுங்காமலிருக்க. முன்னால் ஓட்டைத் தகடு, அதன்மேல் வண்டியின் பழைய கார்பெட்டிலேயே ஒரு துண்டு. கால் படும் இடம் பதினொரு சென்டிமீட்டர் முன்னால் வந்துவிட்டது. அக்காவை உட்காரவைத்துக் கேட்டேன். "காலு வைக்க மனை போட்ட மாதிரி சௌரியமாத்தான் இருக்கு" என்றாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஒயரிங்குக்காக முன்பக்கம் பிரித்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. முன்பு யாரோ ஒரு ஆம்ப் மாட்டிக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து வந்த சிவப்பு ஒயர் எஞ்சின் தடுப்புத் தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் நுழைந்திருந்தது. தகட்டின் விளிம்பு தோலைத் தின்று, உள்ளே கம்பி பளபளத்துக்கொண்டிருந்தது. ஃப்யூஸ் எங்கே என்று பார்த்தால் ஆம்ப் பக்கத்தில், அதாவது ஒயரின் கடைசி முனையில். நடுவில் எங்காவது ஒயர் தட்டியிருந்தால் ஃப்யூஸ் போகாது, பேட்டரியின் முழு மின்சாரமும் அங்கே நெருப்பாகும். வண்டி உடலோ ஃபைபர். பெங்களூரிலிருந்து கடையம் வரை அவன் இதை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்ற வைப்பது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்ற. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தே ஆக வேண்டும்.

ஃபைபர் உடலில் இன்னொரு சிக்கல், எர்த். இரும்பு வண்டியில் பக்கத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டி மாட்டிவிடுவோம். இங்கே சுரண்டினால் கண்ணாடித் தூள்தான் வரும். பேட்டரியின் மைனஸிலிருந்தே பிளஸுக்குச் சமமான கனத்தில் இன்னொரு ஒயர் இழுத்தோம். கனமும் கணக்குதான்: 150 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கிளாஸ் டி ஆம்ப், அதன் திறன் 80 சதவீதம் என்றால் வண்டியிலிருந்து இழுப்பது 190 வாட்ஸுக்குப் பக்கம். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 14 ஆம்பியர். எட்டு கேஜ் செம்பு ஒயர் தாராளம். செம்பு என்று எழுதிச் செம்பு பூசிய அலுமினிய ஒயர் கொடுப்பார்கள். முனையை பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும், உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டி முடித்தது ஒரு நாள், ட்யூன் செய்தது நாலு நாள். 80 ஹெர்ட்ஸில் வெட்டி, ஃபேஸ் ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேட்டோம். கதவு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது சப் இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்விட்சைத் தட்டியதும் பேஸ் கூடினால் அதுதான் சரியான பக்கம். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் "சப் பத்தல" என்று பெரியதாக மாற்றுகிறவர்களே அதிகம். பிறகு சத்தம் போடும் துண்டுகளைத் தேடும் வேலை. 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒரு டோனைப் போட்டுவிட்டு, மருமகன் ஒவ்வொரு பேனலாகக் கையால் அழுத்திப் பார்ப்பான். 46இல் நம்பர் பிளேட், 52இல் கண்ணாடி மூடி, 61இல் டேஷ்போர்டுக்குள் எப்போதோ விழுந்து கிடந்த ஒரு ரூபாய்க் காசு. ஃபைபர் உடல் இரும்பைப்போல மணி அடிக்காது, முணுமுணுக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெளியே என்ன ஆகிறது என்பதையும் இந்த ஆய்வில் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்துக்கு மேல் 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. அந்த அளவு 'ஏ' எடையில். அதாவது மீட்டர் கீழ் ஸ்வரங்களைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். 40 ஹெர்ட்ஸில் கழிவு கிட்டத்தட்ட 35 டெசிபல். ஒரு காரிலிருந்து வரும் 40 ஹெர்ட்ஸ் ஒலி வீட்டு வாசலில் 85 டெசிபல் இருந்தாலும் மீட்டர் 50 என்று காட்டும், பகலில் விதிக்குள்தான். ஆனால் வீட்டுக்குள் அடுக்குப் பானை ஆடும், தொட்டில் பிள்ளை விழிக்கும். கீழ் ஸ்வரத்தைச் சுவர் தடுக்காது, ஓட்டு வீடு தடுக்கவே தடுக்காது. கேரளத்தில் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகளின் ஒலி, ஒளி அமைப்புகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதனால் உடலை வெட்டாமல், சீட்டை எடுக்காமல், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பழையபடி வைக்கும்படிதான் நான் எதையும் மாட்டுகிறேன்.

எங்கள் ஊருக்கு இன்னொரு அயலாரும் உண்டு. மேற்கே பார்த்தால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மலைகள். 1984இல் அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சிச் சாலையில் கேட்டி பெயின் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவுசெய்து பார்த்ததில் யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை, மனிதக் காதின் விளிம்பில், ஒன்றோடொன்று பேசிக்கொள்வது தெரியவந்தது. தூரம் போக வேண்டுமானால் கீழ் ஸ்வரம்தான் போகும் என்பது அவற்றுக்கு நமக்கு முன்பே தெரியும். மலையடிவாரத்தில் இரவு நேரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேஸை ஏற்றுவதை இது தெரிந்தபிறகு நான் நிறுத்திவிட்டேன், மருமகனையும் நிறுத்தச் சொன்னேன்.

அஞ்சாவது நாள் ராத்திரி ஒன்பதரைக்குக் கூரையைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, தென்காசி ரோட்டில் ஓரமாக நிறுத்தினோம். அவன் உள்ளே, நான் வெளியே பத்தடி தள்ளி. காப்பிக் கடையில் பால் ஆற்றும் சத்தம் கேட்டது, தவளைச் சத்தம் கேட்டது. காரிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் பாட்டைப் போடவில்லை என்று நினைத்து, கண்ணாடியில் தட்டினேன். அவன் கதவைத் திறந்தான். பழைய ராஜா பாட்டு ஒன்று பாதி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறி உக்காருங்க மாமா, மொதல்லேர்ந்து போடுதேன்" என்றான். உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கார்பெட்டில் வைத்த உள்ளங்காலில் முதல் ஸ்வரம் விழுந்தது.